தட்டில் விளைந்த உப்பு

"டிகிரி வந்துடுச்சா மிஸ்?" என்று அந்தப் பையன் கேட்டான். "நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. யூகேஜி வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனையோ கேள்வி வரும், பாதிக்கு இந்தப் பதில்தான் போகும். ஆனால் இது மட்டும் மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

எங்கள் பள்ளியில் கோடை வாரத்தை ஏப்ரல் தொடக்கத்திலேயே நடத்திவிடுவோம். மே மாதம் கத்திரி வெயில் வரும்போது பிள்ளைகள் லீவில் இருப்பார்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடை என்றால் கலர் குடை, கறுப்புக் கண்ணாடி, கோன் ஐஸ், மணல் வீடு. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குக் கடற்கரை புதிதில்லை, ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் கடற்கரையை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் நான் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, வெயிலில் செய்து பார்க்கிற வேலைகளாகவே கொடுப்பேன். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் பெயர் எழுதுவார்கள். கடைசி எழுத்து வருவதற்குள் முதல் எழுத்து காய்ந்துபோகும். காலை 9.30க்கு முற்றத்தில் நிற்கவைத்து நிழலைச் சாக்பீஸால் வரைவோம். 11.30க்கு அதே இடத்தில் நின்றால் நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்திருக்கும். அப்புறம் மண்பானைத் தண்ணீர், எவர்சில்வர் குடத்துத் தண்ணீர், எது குளிர்ச்சி என்று தொட்டுப் பார்ப்பது. நுங்கு, மாங்காய், வெள்ளரி எல்லாம் உண்டு.

அந்த வாரம் முதல் நாள், படம் பிரித்து ஒட்டும் வேலை. வெயிலுக்கு ஒரு தாள், மழைக்கு ஒரு தாள். பருத்திச் சட்டை, தொப்பி, ரெயின்கோட், முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை வரும் பூட்ஸ் எல்லாம் கலந்து கிடந்தன. இவன் முழுக்கைச் சட்டையையும் பூட்ஸையும் வெயில் பக்கம் ஒட்டினான். ஏன்டா என்று கேட்டேன். "எங்கம்மா போடுவாங்க" என்றான்.

அவன் அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு, காலுக்குப் பூட்ஸ். அங்கே பாத்தித் தண்ணீர் காலை அரித்துவிடும். உப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும். அவன் ஒட்டியது நூற்றுக்கு நூறு சரி. ஸ்டார் போட்டு, தாளை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன். அது சரியான காரியம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் மதியம் அவனைக் கூட்டிப்போக வந்த அம்மா, மற்றவர்கள் போகட்டும் என்று கேட் பக்கமே நின்றார். விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போய்த் திரும்பியவர். குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். எப்போது வந்தாலும் அப்படித்தான் வருவார். பையன் சொன்ன சட்டையில் அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல நாங்க பேசுறதக் கேட்டுட்டு அவன் எதையாவது சொல்லிட்டே இருப்பான். அளத்தப் பத்திப் பேசுனா வளர விடாதீங்க. புக்குல என்ன இருக்கோ அதச் சொல்லிக் குடுங்க."

"அவன் சரியாத்தான்மா சொன்னான்."

"சரிதான் டீச்சர். நாங்க அங்க கெடக்கது போதும். அவனுக்கு அந்த நெனப்பே வேண்டாம்."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். அந்தச் 'சரி'க்கு மாற்றாக ஒரு வார்த்தையும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் அவர் வருவதற்கு முன்பே, அன்று காலையிலேயே, உப்புத் தட்டை வைத்தாகிவிட்டது. தண்ணீர் ஆவியாவதைக் காட்ட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. வெந்நீரில் கல்லுப்பைக் கரையும் மட்டும் கரைத்து, கறுப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, வெயில் படும் திண்ணையில் வைத்துவிட வேண்டியதுதான். எல்லார் வீட்டு அடுப்படியிலும் உப்பு இருக்கிறது, இது அளத்தைப் பற்றிய பேச்சாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டை எடுக்காமல் விட்டேன்.

அடுத்த நாள் எல்லாரும் தட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓரத்தில் லேசாக வெள்ளை கட்டியிருந்தது, நடுவில் இன்னும் தண்ணீர் நின்றது. மற்ற பிள்ளைகள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்கள். இவன் தொடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தண்ணீரின் மேல்பரப்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான். பெரியவர்கள் பார்க்கிற பார்வை அது. அப்போதுதான் கேட்டான், டிகிரி வந்துடுச்சா என்று.

டிகிரி என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. அளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா எங்கள் தெருவில் இருக்கிறார். பிறகு அவர்தான் சொன்னார். மிதவைபோல் ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டு அடர்த்தியைப் பார்ப்பார்களாம். கடல் தண்ணீர் 3 டிகிரியைச் சுற்றி இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து 25 வாக்கில் கொண்டுவந்தால் உப்பு இறங்க ஆரம்பிக்கும். 30ஐ நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு கசக்கும். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அந்தத் தட்டைப் பார்த்து அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"அப்படின்னா என்ன, எங்களுக்கும் சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவன் சொல்லியிருப்பான், மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டிருப்பார்கள். வெயில் அவனுக்கு மட்டும் பாடமாக இல்லாமல் வாழ்க்கையாக இருக்கிறது, அதை வகுப்பு தெரிந்துகொண்டிருக்கும். 3 முதல் 8 வயது வரைக்குமான தேசியக் கலைத்திட்ட வரைவு 2022இல் வந்தது. பிள்ளையின் வீட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் பாடத்தைத் தொடங்கச் சொல்கிறது அது. பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குச் சொல்வதும் அதேதான். அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் வீட்டை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை.

அந்த அம்மாவின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது? வெயில் ஏறினால்தான் கூலி. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை, வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, அதை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் அளங்கள் மூழ்கி, குவித்து வைத்த உப்பு கரைந்ததை இந்த ஊரே பார்த்தது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது நாம்தான் என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிடலாம். அந்தப் பெருமைக்காகக் கால் வெடித்து நிற்பவர் அவர். மாதச் சம்பளம் வாங்கி நிழலில் நிற்கிற நான், உங்கள் வேலை அழகானது, பிள்ளை அதைப் பேசட்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்வது முறையா? இல்லை என்றுதான் பல நாள் தோன்றுகிறது.

சில நாள் வேறு மாதிரி தோன்றும். அளத்துக்கு அவன் போகக்கூடாது என்பது வேறு, அளம் அவனுக்குத் தெரியும் என்பது வேறு. முதலாவது அம்மாவின் கவலை. இரண்டாவது ஏற்கெனவே நடந்துவிட்டது, அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள ஐந்து வயதில் ஏன் பழக வேண்டும்?

எல்கேஜி எடுக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ தடுக்கலையே, நாளைக்குப் பார்ப்போம்னுதானே சொன்ன. பிள்ளைங்க அதையெல்லாம் மனசுல வச்சுக்காதுங்க" என்றார். இருக்கலாம். அவனும் "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான், முகம் வாடவில்லை.

ஆனால் மறுநாள் தட்டு முழுக்கக் காய்ந்திருந்தபோது நான் ஒன்றைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வழியாக எல்லாரும் உப்பின் சதுரங்களைப் பார்த்து முடித்திருந்தார்கள், விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். இவன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். அதைக் குறுக்காகப் படுக்கவைத்து, ஓரத்திலிருந்து தன் பக்கமாக ஒரே இழுப்பில் வாரினான். தட்டைத் திருப்பினான், மறுபடி வாரினான். நடுவில் சின்னக் குவியல் ஒன்று கூம்பாக நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். "நல்லா இருக்கு" என்றேன். ஸ்டார் போடவில்லை, யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்லலாம். அதன் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை அளத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டிலும் சொல்லிவைத்திருப்பார்களோ என்னவோ.

இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. அம்மாவை வாசலில் பார்ப்பேன், சிரிப்பார், நல்லா படிக்கிறான் டீச்சர் என்பார். நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இந்த ஆண்டும் உப்புத் தட்டு உண்டு. அளத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்பிலும் இருக்கிறார்கள். யாராவது டிகிரி பற்றிக் கேட்டால் இந்த முறை பேசவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். முன்கூட்டியே அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்கவில்லை.