மாருதி 800: பிடித்ததை விடாத பின் பிரேக்கும் பேக் பிளேட்டும்

என் 1999-ஆம் ஆண்டு மாருதி 800-இன் வலது பின் பிரேக் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது, சென்னை வேளச்சேரியில் ஹேண்ட் பிரேக் போட்டபடியே பின் அச்சு மூழ்கத் தண்ணீரில் நின்ற வண்டி இது. தண்ணீர் வடிந்த பிறகு, சக்கரத்தோடு சுழலும் டிரம் துருவேறி, அதில் உரசிப் பிடிக்கும் லைனிங் பட்டை அதோடு ஒட்டிக்கொண்டதும், டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டியே சக்கரத்தை உருட்ட வேண்டியிருந்ததும் அந்தப் பகுதியில் வண்டி வைத்திருந்த பலருக்கும் நேர்ந்ததுதான். எனக்கு வாய்த்த கூடுதல் சோதனை என்னவென்றால், ஷூ (லைனிங்கைத் தாங்கி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த தகடு), வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுவது), ஹேண்ட் பிரேக் கேபிள், ரிட்டர்ன் ஸ்பிரிங் என்று கடையில் கிடைக்கும் அனைத்தையும் புதிதாகப் போட்ட பிறகும், அந்த ஒரு சக்கரம் மட்டும் பிடித்ததை விடாமல் அடம்பிடித்தது.

மெதுவாகப் பிரேக் பிடிக்கும் வரை எந்தக் குறையும் தெரியாது. சற்று அழுத்திப் பிடித்தால் பின்னால் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். அதன் பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக உருளாமல், யாரோ பின்னாலிருந்து இழுப்பதைப் போல் நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் இடது டிரம் வெதுவெதுப்பாகவும், வலது டிரம் அருகில் கை கொண்டுபோக முடியாத சூட்டிலும் இருக்கும். ஆனால் ரிவர்ஸில் ஓரடி நகர்த்தினால் இன்னொரு 'டக்' ஒலியுடன் சக்கரம் விடுபட்டுவிடும். இந்த இரண்டாவது ஒலிதான் முக்கியமான துப்பு. ஷூவுக்குப் பின்னால் ஆயில் அழுத்தம் தேங்கி நின்றாலோ, கேபிள் இறுகி நின்றாலோ, வண்டியைப் பின்னால் நகர்த்துவதால் மட்டும் அது விலகிவிடாது.

காட்டிய பட்டறையில், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார்கள். மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு ஸ்பானரும் ஒரு துண்டு டியூபும் போதும். சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஓங்கி அழுத்தி விட்டு, சக்கரம் இறுகியிருக்கும் நிலையிலேயே, வீல் சிலிண்டரிலிருந்து ஆயிலை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டு வந்து சக்கரமும் இளகினால், ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியிருக்கிறது என்று பொருள். என் வண்டியில் ஒரு சொட்டு கசிந்ததே தவிர சக்கரம் அசையவில்லை. அடுத்ததாக ஹேண்ட் பிரேக் கைப்பிடியின் அடியில் இருக்கும் நட்டைத் தளர்த்திக் கேபிளைத் தொய்வாக்கிய பிறகும் நிலைமை மாறவில்லை. ஆகவே குற்றவாளி டிரம்முக்குள்ளேதான் இருந்தாக வேண்டும்.

ஷூ இறுகியிருக்கும்போது டிரம்மை இழுப்பது வீண் போராட்டம். டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கி நிற்கும் தகடான பேக் பிளேட்டில் ரப்பர் மூடியிட்ட சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளினால், ஷூவோடு இணைந்த ஹேண்ட் பிரேக் லீவர் அதைத் தாண்டி விலகி ஷூக்கள் உள்வாங்கும். அதன் பிறகு, கம்பியில் சறுக்கும் எடையால் இழுக்கும் ஸ்லைடு ஹேமரின் இரண்டு மூன்று இழுப்பில் டிரம் கையோடு வந்துவிடும். இந்தத் துளையைத் தேடாமல் டிரம்மின் விளிம்பை உளியால் நெம்பி உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊத வேண்டாம்; பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

டிரம் கழன்ற நிலையில், வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் கிளாம்ப் போட்டுக்கொண்டு, முன்பக்க ஷூவைக் கையால் வெளிப்புறமாகத் தள்ளிப் பார்த்தேன். பாதி வழி வழுக்கிச் சென்ற ஷூ, ஓரிடத்தில் 'டக்' என்று விழுந்து அங்கேயே நின்றது. ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருந்தும் அது திரும்பவில்லை. விரலால் சற்றே தூக்கிவிட்டால்தான் பழைய இடத்துக்குப் போனது. ஷூவைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஷூவின் விளிம்பு உராய்ந்து நகர்வதற்காகப் பேக் பிளேட்டில் ஒவ்வொரு ஷூவுக்கும் மூன்று மேடுகள் உண்டு. இத்தனை ஆண்டுகளில் ஷூ அந்த மேடுகளைத் தேய்த்து, கிணற்றுக் கல்லில் கயிறு பதித்த தடம் போல் பள்ளமாக்கியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. மேலே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்தபோது நடு மேட்டின் பள்ளம் 0.7 மில்லிமீட்டர் இருந்தது. வெள்ளத் தண்ணீர் இந்த வேலையைத் தொடங்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்திருந்த இடத்தில் கிரீஸைக் கழுவித் துருவை ஏற்றி, பள்ளத்தின் ஓரத்தைக் கூர்மையாக்கிவிட்டது. புதிய ஷூக்களும் தங்கள் பங்குக்கு நிலைமையை மோசமாக்கின. பிரஸ் அச்சில் வெட்டிய ஷூ தகட்டின் விளிம்பில் பிசிறு அப்படியே இருந்ததால், அது பள்ளத்தின் ஓரத்தில் கொக்கி போல் மாட்டிக்கொண்டது.

வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் விற்கிறார்கள். ஸ்பிரிங் செட் விற்கிறார்கள். ஆனால் இந்த மேடுகளை யாரும் தனியாக விற்பதில்லை. அதனால்தான் இவற்றை யாரும் பார்ப்பதும் இல்லை என்பது என் சந்தேகம்.

பள்ளத்தை அரத்தால் தேய்த்து மட்டமாக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் அது சரி. முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்தெடுத்தால் ஷூ அவ்வளவு தூரம் உள்ளே அமர்ந்து, டிரம்மில் சாய்வாகப் படும். எனவே பேக் பிளேட்டைக் கழற்றி, வெல்டிங்கால் நிரப்பி, பிறகு அரைப்பதுதான் முறை. பிரேக் குழாயைக் கழற்றியதும், பிளீடர் நிப்பிளின் ரப்பர் மூடியையே குழாயின் முனையில் மாட்டிவிட்டால் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்காது. ஸ்டிக் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டுக்கு ஒத்துவராது. சிஓ2 வெல்டிங்கில், ஒரு மேட்டில் ஒரு பொட்டு வைத்து, அது கையால் தொடும் சூட்டுக்கு ஆறிய பிறகே எதிர்ப்பக்க மேட்டில் அடுத்த பொட்டு வைக்க வேண்டும். தொடர்ச்சியாக ஓட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும். வெல்டருக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை என்பதால், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உண்மையான வேலை அதன் பிறகுதான். ஒரு ஷூவுக்குரிய மூன்று மேடுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்தால் ஷூ ஆடும், ஒன்று தாழ்ந்தால் லைனிங்கின் ஒரு விளிம்பு மட்டும் டிரம்மில் உரசும். கிரைண்டரால் குத்துமதிப்பாக இறக்கிவிட்டு, கடைசிப் பகுதியைத் தட்டை அரத்தால் செய்தேன். தடித்த கண்ணாடித் துண்டில் மார்க்கிங் புளூவை மெல்லியதாகத் தடவி மேடுகளின் மேல் வைத்து எடுத்தால், எது உயரமோ அதில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடத்தை இரண்டு இழுப்பு அரத்தால் தேய்த்து மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் நீலம் சமமாக ஒட்டும் வரை இதைத் தொடர்வது சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஷூ விளிம்புகளின் பிசிறையும் அரத்தால் எடுத்து, எமரி தாளால் வழவழப்பாக்கினேன். மேடுகளில் தடவ, அதிகச் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் நகத்தின் நுனியளவு போதும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும். வீல் சிலிண்டரின் ரப்பரையும் ஊத வைக்கும்.

பொருத்திய பிறகு பெடலை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும், காலை எடுத்ததும் சக்கரம் விரலால் சுற்றும் அளவுக்கு இளகிவிடுகிறது. 'டக்' ஒலி முற்றிலும் போய்விட்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் சிக்னல்களில் மாறி மாறி நின்று வந்த பிறகும் இரண்டு டிரம்களின் சூட்டில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பழைய ஸ்பிரிங்கைத் தரையில் போட்டு, கணீரென்று ஒலித்தால் வீணாகிவிட்டது, மந்தமாக ஒலித்தால் நல்லது என்று மெக்கானிக்குகள் சொல்லும் சோதனையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இழுக்காத நிலையில் சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த ஸ்பிரிங் தேறாது. இதைப் பார்ப்பதற்கு ஒலி எதற்கு?

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை, வீல் சிலிண்டரும் லைனிங்கும் ஜி.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கின்றன. 800-இன் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டாலும் இந்த வகைப் பாகங்களுக்குப் பஞ்சம் வரவில்லை. பாடி பகுதியிலேயே பிரேக்ஸ் இந்தியா போன்ற பிரேக் பாகத் தொழிற்சாலை இருக்கும் சென்னையில், பெயரில்லாத பெட்டியில் வரும் ரப்பர் கப்பை வாங்க வேண்டிய தேவையும் இல்லை. பேக் பிளேட்டைத்தான் நான் விசாரித்த கடைகளில் புதிதாக யாரும் வைத்திருக்கவில்லை. புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பிளேட்டுகள் கிடைத்தன. ஆனால் புரட்டிப் பார்த்தவை எல்லாம் என்னுடையதைவிட ஆழமாகத் தேய்ந்திருந்தன. அங்கே தேடுகிறவர்கள் நகத்தையே கருவியாகக் கொண்டு போகலாம்.

இடது பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதன் வியாதி வேறு: மழை பெய்த மறுநாள் காலையில், முதல் பிரேக்கிலேயே லேசாகத் தொட்டதும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், சில முறை பிடித்த பிறகு சரியாகிவிடும். இரவில் டிரம்மில் படியும் மேல்துருவின் சொரசொரப்பில் முன்பக்க ஷூ கவ்வியதும், டிரம்மின் சுழற்சியே அதை மேலும் உள்ளே இழுத்துவிடுகிறது. டிரம் பிரேக்கின் அமைப்பிலேயே இருக்கும் குணம் இது. கடற்காற்று வீசும் ஊரில் இதை முழுமையாக ஒழிக்க முடியாது என்றாலும், துரு தேயத் தேயத் தணியாமல் நாள் முழுவதும் பூட்டினால் லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ கசிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். டிரம்மை லேத்தில் கொடுத்து ஒரு வெட்டு எடுக்கவும் எண்ணம் உண்டு. டிரம்மிலேயே வார்த்திருக்கும் உச்ச அளவுக்குள் வந்தால்தான் அது நடக்கும். அதே சாக்கில் பிரேக் ஆயிலையும் முழுவதும் மாற்றப் போகிறேன். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றும், ஈரம் உறிஞ்சிய நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம் என்றும் தரம் வகுத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு என் வண்டியில் இருக்கும் ஆயில் எந்த எண்ணுக்கு அருகில் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடித் துண்டையும் மார்க்கிங் புளூவையும் எடுத்தே வைத்திருக்கிறேன். இடது பிளேட்டிலும் பள்ளம் இருந்தால் அந்த அளவுகளையும் எழுதுகிறேன்.