மொட்டைமாடி முகில் குறிப்பேடு: சென்னை, ஜூன் முதல் நவம்பர் வரை

ஜூன் 12, காலை 6.40

மேற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே வெள்ளை மணிகளைக் கொட்டி வைத்தது போல ஒரு திட்டு. சிர்ரோகுமுலஸ் (மிக உயரத்தில் நிற்கும் சிறு மணி முகில்) என்று எழுதிவிடத் தோன்றும். பொறுக்க வேண்டும். தொலைவு எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும் என்பதால், மணியின் அளவை வைத்துப் பெயர் சொல்ல முகில் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே வந்திருக்க வேண்டும். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி 10 பாகை. மூன்று முஷ்டி அடுக்கினால் 30.

7.15-க்கு அதே திட்டு தலைக்கு மேல் வந்துவிட்டது. நீட்டிய கையின் சுண்டுவிரலுக்குள் மணி மறைந்துவிட்டால் 1 பாகைக்கும் குறைவு, அது சிர்ரோகுமுலஸ். சுண்டுவிரலுக்கு மேல், நடுவிரல்கள் மூன்றையும் சேர்த்த அகலத்துக்குள் என்றால் ஆல்ட்டோகுமுலஸ் (நடு உயரத்துத் திரள்). மூன்று விரலையும் மீறினால் ஸ்ட்ராட்டோகுமுலஸ் (தாழ்ந்த திரள்படை). இன்றையது இரண்டு விரல். அடிப்பக்கத்தில் சாம்பல் நிழலும் தெரிந்தது. சிர்ரோகுமுலஸுக்கு நிழல் கிடையாது. ஆகவே ஆல்ட்டோகுமுலஸ்.

கை சிறிதாக இருந்தால் அளவு தவறாதா என்று கேட்பார்கள். கை சிறிதானால் விரலும் சிறிதுதான், பாகை ஏறக்குறைய அதேதான் வரும். முழங்கை மடங்கினால் மட்டும் கணக்கு கெடும்.

குறிப்பேட்டில் கட்டங்கள் இந்த வரிசையில்: நேரம், திசை, எத்தனை முஷ்டி உயரம், வானத்தில் எட்டில் எத்தனை பங்கு, நகரும் திசை, நிழல் உண்டா, ஓரம் கூரா மங்கலா. பெயருக்கான கட்டம் கடைசி. பெயரை முதலில் எழுதினால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஜூன் 15

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. லண்டனில் மருந்து தயாரிப்புத் தொழிலில் இருந்த லூக் ஹோவர்ட் 1802 டிசம்பரில் ஒரு சிறு சங்கத்தில் படித்த கட்டுரையிலிருந்துதான் சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ், நிம்பஸ் எல்லாம் வந்தன. இன்று உலக வானிலை அமைப்பின் முகில் ஏடு பத்து வகைகளை ஏற்கிறது. நம் பள்ளிப் பாடநூலில் கீற்று (சிர்ரஸ்), திரள் (குமுலஸ்), படை (ஸ்ட்ராட்டஸ்), கார் (நிம்பஸ்) என்று நான்கு சொற்கள் உண்டு. அவற்றைச் சேர்த்தால் கீற்றுப்படை, திரள்படை, கார்திரள் என்று மற்றவற்றில் பலவும் கிடைத்துவிடும். இந்தச் சொற்கள் நன்றாகவே இருக்கின்றன, இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கீழே இரண்டும் கலந்தே வரும்.

ஜூன் 19, பிற்பகல்

1 மணிக்கு வெப்பம் 39 செல்சியஸ், பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 20. இரண்டுக்கும் வித்தியாசம் 19. ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் என்று பெருக்கினால் 2,375 மீட்டர். திரள் முகிலின் தட்டையான அடி ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கும். பார்க்கவும் அப்படித்தான்: எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன பஞ்சுப் பொதி, எட்டில் ஒரு பங்கு.

2.50-க்குக் கடற்காற்று உள்ளே வந்தது. வெப்பம் 34-க்கு இறங்கியது, பனிநிலை 26-க்கு ஏறியது. 8 × 125 = 1,000 மீட்டர். காற்று வந்த எல்லையில் கிழிந்த துணி போலத் தாழ்வான முகில்கள் வடக்கு தெற்காக ஒரு வரிசை கட்டி, மெல்ல மேற்கே நகர்ந்தன. அதற்கு மேலே பழைய உயரமான பொதிகள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. ஒரே வானத்தில் முகிலின் அடிமட்டம் இரண்டு வேறு உயரங்களில்.

இந்தக் கணக்கு, தரையில் சூடேறிய காற்று எழும்பி உருவாகும் திரள் முகிலுக்கு மட்டும்தான் பொருந்தும். மழை பெய்து முடிந்த பின்னும், விடியற்காலையிலும், ஆல்ட்டோ வகைகளுக்கும் போட்டுப் பார்த்தால் தவறான விடைதான் வரும்.

ஜூன் 23, மாலை 4.40 முதல் 6.30 வரை

மேற்கில் கோபுரம் எழுகிறது. 4.40-க்கு உச்சி காலிபிளவர் போல, ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி கூர்மை. கூர்மையாக இருக்கும்வரை உச்சியில் நீர்த்துளிகள்தான். இன்னும் வளர்கிறது என்று பொருள். 4.55-க்கு உச்சி மழுங்கி, ஓரம் நனைந்த காகிதத்தில் மை பரவினாற்போல் மங்கியது. பனிக்கட்டியாக மாறுகிறது. குமுலஸ் என்ற பெயரை அடித்துவிட்டுக் குமுலோனிம்பஸ் (கார்திரள், இடிமேகம்) என்று எழுத வேண்டிய இடம் இதுதான்.

5.10-க்குத் தலை விரிந்து கொல்லன் பட்டடை போல ஆனது. தொலைவைக் கையாலேயே கணிக்கலாம். பட்டடையின் உயரம் 14 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடிவானத்திலிருந்து அதன் தலை ஒரு முஷ்டி உயரம் தெரிந்தால் 80 கிலோமீட்டர், அதாவது அரக்கோணத்தைத் தாண்டி. இரண்டு முஷ்டி என்றால் 40, திருவள்ளூர்ப் பக்கம். 5.10-க்கு ஒரு முஷ்டி. 5.40-க்கு ஒன்றரை.

பட்டடை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் அது புயல் போகும் திசையிலேயே முன்னே நீளும். தலைக்கு மேல் பட்டடை வந்தால் பின்னால் இடிமழை வரும் என்று எழுதியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சென்னையில் அது தலைகீழ். கீழே 2 முதல் 5 கிலோமீட்டர் வரை மேற்குக் காற்று, அதனால் இடிமேகம் கிழக்கே நம்மை நோக்கி வருகிறது. 14, 15 கிலோமீட்டரில் வீசுவது கிழக்குத் தாரைக் காற்று, அதாவது உயரத்தில் பட்டையாக மிக வேகமாக ஓடும் கிழக்குக் காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. இதை விளக்கி 1958-இல் கட்டுரை வெளியிட்டவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அந்தக் காற்று பட்டடையை மேற்கே, மேகத்தின் முதுகுப்பக்கம் இழுத்துவிடுகிறது. ஆகவே நமக்கு முன்னெச்சரிக்கையாகத் தலைக்கு மேல் எதுவும் பெரிதாக வராது. நிமிர்ந்த முகம் அப்படியே நெருங்கும். மாறாக, கிழக்கிலிருந்து பட்டடை நம் மேல் படர்ந்தால் அந்த மேகம் கடலில் இருக்கிறது, பெரும்பாலும் விலகிப் போகிறது. அதைப் பார்த்துத் துணியை எடுத்து உள்ளே போட வேண்டியதில்லை.

6.05-க்கு அடிப்பாகத்தில் வளைந்த கரும் அலமாரி போல ஒரு விளிம்பு, அதற்குக் கீழே சாம்பல் வெளிச்சம். குளிர்ந்த காற்று தரையில் அடித்துப் பரவும் முன்வரிசை அது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினால் 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் வந்துவிட்டால் மாடியை விட்டு இறங்கிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே கிடையாது. அலமாரி முகில் அழகானது, சன்னல் வழியாகவும் தெரியும்.

ஜூலை 3

முகில் நகரும் திசையை அண்ணாந்து பார்த்துச் சொன்னால் பாதி நேரம் தவறும். கருங்கண்ணாடி ஒன்று செய்துகொள்வது நல்லது. செலவு மிகக் குறைவு.

புகைப்படச் சட்டத்துக்கான சாதாரணக் கண்ணாடி, 20-க்கு 20 செ.மீ. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். பின்பக்கம் கருப்பு எனாமல் பெயின்ட் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் காயவிட்டு. கருப்புச் சார்ட் அட்டையைப் பின்னால் வைத்தாலே போதும் என்று தோன்றும், போதாது. அட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று நிற்பதால் பின்புறமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, முகிலின் ஓரம் இரட்டையாகத் தெரியும். பெயின்ட் கண்ணாடியோடு ஒட்டிவிடுவதால் அந்த இரண்டாவது பிம்பம் ஏறக்குறைய மறைந்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம்: வெளிச்சம் கண்ணைக் கூசும், அதிலும் இரட்டைப் பிம்பம் வரும்.

முன்பக்கம் நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், நான்கு ஓரத்திலும் திசைகள். தட்டையான இடத்தில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். வடக்கைப் போனின் திசைகாட்டியில் பார்த்து வைப்பதுதான் பலர் செய்யும் பிழை. தளத்துக் கம்பியும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் முள்ளை இழுத்துவிடும். தெருவின் போக்கை வரைபடத்தில் பார்த்து அதிலிருந்து வடக்கைக் குறிப்பதே மேல்.

50 செ.மீ. குச்சியைக் கண்ணாடி ஓரத்தில் நிறுத்தி, கண் அதன் நுனி மட்டத்தில் இருக்கும்படி குனிய வேண்டும். முகிலின் ஒரு நுனி புள்ளியில் படும் கணத்தில் எண்ணத் தொடங்கி, வட்டத்தைத் தொடும்போது நிறுத்த வேண்டும். தலை அசைந்தால் பிம்பமும் அசையும். நெற்றியை எதிலாவது முட்டுக்கொடுத்துக்கொண்டால் சரி. சூரியன் கண்ணாடியில் விழும் நேரம் தொடவே கூடாது.

ஜூலை 9, காலை 9.20

கருங்கண்ணாடியில் மூன்று அடுக்கு. தாழ்ந்த திரள் முகில்: மேற்கிலிருந்து கிழக்கே, வட்டத்தைத் தொட 10 விநாடி. அடி உயரம் 1,000 மீட்டர் என்றால், 5 செ.மீ.யை 50 செ.மீ.யால் வகுத்து உயரத்தால் பெருக்க, 10 விநாடியில் 100 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர். அதற்கு மேலே ஆல்ட்டோகுமுலஸ்: அதே திசை, 50 விநாடி. சோம்பேறியாக நகர்கிறது என்று தோன்றுகிறது, ஆனால் உயரம் 5,000 மீட்டர் என்று கொண்டால் அதுவும் அதே 36 கிலோமீட்டர்தான். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய கீற்றுகள்: கிழக்கிலிருந்து மேற்கே. ஜூன் 23-இல் பட்டடையை இழுத்த அதே தாரைக் காற்று, இடிமேகமே இல்லாத காலையிலும் கண்ணுக்குத் தெரிகிறது.

சரிபார்க்க: மீனம்பாக்கத்திலிருந்து விடும் பலூனின் அளவுகள் 43279 என்ற நிலைய எண்ணில் இணையத்தில் கிடைக்கும். எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 21, இரவு

“எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை” என்பார்கள். இரண்டும் வேறு வேறு வட்டங்கள். அந்தச் சொலவடையைச் சொன்னவர்கள் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எட்ட வட்டம்: நீட்டிய கையில் விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவில் வைத்தால் சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொடும். 22 பாகை. உள் ஓரம் சிவப்பு. பனித்துகள் நிறைந்த கீற்றுப்படை முகில். கிட்ட வட்டம்: நிலாவை ஒட்டிச் சில பாகைக்குள், உள்ளே நீல வெண்மை, வெளி ஓரம் சிவப்பு. நீர்த்துளி முகில், பெரும்பாலும் மெல்லிய ஆல்ட்டோகுமுலஸ். வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் சிவப்பு உள்ளேயா வெளியேயா என்று பார்த்தால் போதும்.

மழையைப் பற்றிய பாதியை மட்டும் இந்த மாதங்களில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைய எட்ட வட்டம், எங்கோ மாலையில் பொழிந்து தீர்ந்த இடிமேகத்தின் பட்டடை மிச்சம். மழை வந்து போனதற்கான தடயம்.

ஆகஸ்ட் 6

எட்டில் எத்தனை பங்கு என்பதில் எல்லோரும் கூடுதலாகவே எழுதுவார்கள். அடிவானத்தருகே திரள் முகில்களின் பக்கவாட்டுகள் இடைவெளியை மறைத்துவிடுவதே காரணம். வானத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு காலுக்கும் தனியாக 2-க்கு எவ்வளவு என்று போட்டுக் கூட்டினால் பிழை குறைகிறது. இன்று முதல் பார்வையில் 6, பிரித்துக் கூட்டினால் 4.

ஆகஸ்ட் 18

இன்சாட்-3டிஆர் என்ற வானிலைச் செயற்கைக்கோளின் படத்தோடு ஒப்பிடும்போது நேரத்தைப் பாருங்கள். படத்தில் உலகப் பொது நேரம் (UTC) 0900 என்று இருந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.30, எப்போதும் 5.30 கூட்ட வேண்டும். படமும் வானமும் பொருந்தவில்லை என்ற புலம்பலில் பெரும்பகுதி இதனால்தான். மிச்சம், அகச்சிவப்புப் படத்தை மட்டும் பார்ப்பதால். அதில் குளிர்ந்தது வெள்ளையாகத் தெரியும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் உயரமான கீற்று அங்கே பளிச்சென்று இருக்கும். தலைக்கு மேல் அடைத்து நிற்கும் தாழ்ந்த படை முகிலோ தரையோடு தரையாகச் சாம்பலில் கலந்துவிடும். பகலில் கட்புலப் படத்தையும் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது) பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 2, மாலை

சூரியன் மறைந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, முகில்கள் நிறம் இழக்கும் வரிசையைப் பார்த்தால் உயரம் பிடிபடும். தாழ்ந்தவை உடனே சாம்பலாகிவிட்டன. தலைக்கு மேலிருந்த ஆல்ட்டோகுமுலஸ் ஏறத்தாழ 10 நிமிடம் ஆரஞ்சு, பிறகு மங்கல். கடல் பக்கம் நின்ற பட்டடை 15 நிமிடம் தாண்டியும் இளஞ்சிவப்பு. போனில் எடுப்பவர்கள் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும், தானாக விட்டால் அந்த நிறம் வெளுத்துப் போகும்.

அக்டோபர் 27, அதிகாலை 5.20

கண்ணாடியில் திசை திரும்பிவிட்டது. இதுவரை மேற்கே பார்த்து நின்றோம், இனி கடலைப் பார்க்க வேண்டும். கீழ்காற்றுக்கும் மழை முகிலுக்கும் தமிழில் ஒரே சொல், கொண்டல். இந்தக் கரையில் நின்று பார்த்தால் ஏன் என்று புரிகிறது.

கடல் மேல் வரிசை வரிசையாகத் திரள் முகில்கள். நெருங்க நெருங்க விரிவது போலத் தெரிந்தாலும் அவை இணைகோடுகள். தண்டவாளம் தொலைவில் கூடுவது போன்ற தோற்றம்தான். உச்சி இரண்டு, மூன்று கிலோமீட்டர் அளவில், ஓரம் கடைசிவரை கூர்மை. வெப்பமண்டலத்தில் உறைநிலை 5 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் இவற்றில் பனிக்கட்டியே இல்லை. இருந்தும் 5.35-க்குச் சடசடவென்று 7 நிமிட மழை, இடியில்லாமல். துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்தே விழுந்துவிடுகின்றன. மழை பெய்தது என்பதற்காகக் குமுலோனிம்பஸ் என்று எழுதிவிடாதீர்கள். இது வளர்ந்த குமுலஸ்தான், கொஞ்செஸ்டஸ் என்பது அதன் துணைப்பெயர்.

நவம்பர் 14, காலை 10 மணி

கடலில் தாழ்வு மண்டலம். வானம் முழுவதும், எட்டுக்கு எட்டு. நேற்று மாலை சூரியன் சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தது. வெள்ளைத் தாளின் மேல் விரலை நீட்டினால் நிழல் விழவில்லை. நிழல் விழுந்திருந்தால் கீற்றுப்படை, விழாததால் ஆல்ட்டோஸ்ட்ராட்டஸ் (நடு உயரத்துப் படை). இரவில் அது தடித்து இறங்கி, இன்று சூரியன் இருக்கும் இடமே தெரியாத நிம்போஸ்ட்ராட்டஸ் (கார்ப்படை). 4 மணி நேரமாக ஒரே சீரான மழை.

அடிக்கடி தவறும் இடம்: அதன் கீழே வேகமாக ஓடும் கந்தல் முகில்களை அடிமட்டம் என்று நினைத்து 200 மீட்டர் என்று எழுதிவிடுவது. அவை மழையால் ஈரமான காற்றில் புதிதாகப் பிறந்த தனித் துண்டுகள், பன்னஸ் என்று தனியாகக் குறிக்க வேண்டும். உண்மையான அடி அவற்றின் இடைவெளியில் சில விநாடி மட்டும் சாம்பலாகத் தெரிகிறது. கண்ணாடியை நனையாமல் போர்டிகோ ஓரத்தில் வைத்ததில், கந்தல்கள் வடகிழக்கிலிருந்து, வட்டத்தைத் தொட 3 விநாடி. 10.40-க்கு வடக்கிலிருந்து. மதியம் மறுபடி பார்க்க வேண்டும்.