கங்கைக்கு எந்தக் ‘க’?

2022 ஜூன் மாதம் அவளை இரண்டாம் வகுப்பில் சேர்க்க அவள் அப்பா அழைத்து வந்தார். பீகாரில் பாகல்பூர் பக்கம் ஊர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறார். அம்மா வீட்டிலேயே பிசிர் வெட்டுகிறார். கையில் ஆதார் ஜெராக்ஸ் மட்டும் இருந்தது, டி.சி. இல்லை. “மேடம், ஸ்கூல்?” என்று கேட்டுவிட்டு, மகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

தலைமையாசிரியர் தயங்கினார். டி.சி. வரத் தாமதம் என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்வது அவருக்கு நன்றாகவே தெரியும். தமிழில் ஓர் எழுத்து தெரியாத பிள்ளையை இரண்டாம் வகுப்பில் வைத்தால், ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அவளைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார் என்பதுதான் அவர் கவலை. “என் வகுப்புதானே சார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

எல்லோரும் அவளை இந்திக்காரப் பிள்ளை என்றார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பேசுவது அங்கிகா. இந்தி அவள் ஊர்ப் பள்ளியில் ஒரு வருஷம் படித்த மொழி. அதாவது, தமிழ் அவளுக்கு மூன்றாவது. ஒருநாள் ‘உங்கள் வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கும்?’ என்று சைகையும் படமுமாகக் கேட்டேன். “கங்கா” என்றாள். பலகையில் ‘கங்கை’ என்று எழுதிக் காட்டினேன். அவள் விரலை வைத்து வாசித்தாள். ‘கண்’ என்ற சொல்லில் நான் சொல்லிக் கொடுத்த ககரத்தையே இரண்டு இடத்திலும் போட்டு வாசித்தாள். வாசித்து முடித்ததும் தலையை ஆட்டினாள். அது அவள் ஊர் ஆறு இல்லை.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ‘கண்’ணில் வருகிற க, ‘அங்கே’ என்பதில் வருகிற க, இரண்டையும் மூச்சை அழுத்திச் சொன்னால் வருகிற இன்னும் இரண்டு என்று இந்தி படித்த அவளிடம் நான்கு எழுத்துகள் இருந்தன. நான் ஒன்றைத்தான் கொடுத்திருந்தேன். பிறக்கும்போதே தமிழ் கேட்கிற பிள்ளைக்கு எந்த இடத்தில் எந்த ஓசை என்பது காதிலேயே இருக்கும். அதனால் நாங்கள் அதை யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பதினாறு வருஷம் ஆசிரியராக இருந்தும், ஒரு விதியாக நான் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. அன்று யோசித்தேன். ‘ங்’குக்குப் பக்கத்தில் வந்தால் க தன் குரலை மாற்றிக்கொள்ளும் என்று சொல்லி, தங்கம், சங்கு, நுங்கு என்று எழுதினேன். கங்கையில் முதல் எழுத்துக்கு அந்த விதி உதவாது, வடக்கிலிருந்து வந்த பெயர் என்பதால் அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். மறுநாள் இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ‘கங்கை’ என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

நம் பாடநூல் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்காக எழுதப்பட்டது. படத்தைப் பார்த்ததும் ‘முறம்’ என்ற சொல் வாயில் வர வேண்டும், அப்புறம்தான் ‘மு’ என்ற எழுத்து. சொல்லே தெரியாத பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஊமையாகத்தான் இருக்கும். சொற்களை அவள் எங்கே பிடித்தாள் என்றால் விளையாட்டிலும் சத்துணவுக் கூடத்திலும்தான். நவம்பர் வாக்கில் எங்கள் ஆயாம்மாவைப் பார்த்து “ஏனுங்க்கா, சோறு போடுங்க” என்று தெளிவான கொங்குத் தமிழில் கேட்டாள். ஜனவரியில் எழுத்துக் கூட்டி இரண்டு வரி வாசித்தாள்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். மானாவாரி நிலம், மழை இல்லை, ஒரு பையோடு பஸ் ஏறினார். தையல்காரருக்கு உதவுகிற கைமடி ஆளாகச் சேர்ந்து, பிறகு ஓவர்லாக் மிஷின் பழகி, ஒன்றரை ஷிப்ட் பார்த்து எங்களைப் படிக்க வைத்தார். “தெக்கத்தி ஆளுங்களுக்கு வீடு இல்லீங்க” என்று அவரை எத்தனை வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்பதை அம்மா இன்னும் சொல்வார். தமிழ் பேசுகிற தமிழனுக்கே அந்தக் கதி. இன்று எங்கள் தெருவில் அதே வாக்கியம் ஒரு சொல் மாறி வருகிறது. தெக்கத்தி போய் வடக்கத்தி. அதைச் சொல்கிறவர்களில் என் அப்பாவோடு அன்று பஸ் ஏறி வந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நாளிதழ் பார்த்துச் செய்தி வாசிக்கும். ஒருநாள் ஒரு பையன் கணீரென்று “செல்போன் பறித்த வடமாநில வாலிபர் கைது” என்று வாசித்தான். வரிசையில் என் வகுப்பில் மட்டும் வெளிமாநிலப் பிள்ளைகள் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. சில தலைகள் மட்டும் திரும்பி அந்த ஐந்து பேரைப் பார்த்தன. அவள் என்னைப் பார்த்தாள். செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளூர் ஆள் பறித்தால் அவன் வெறும் வாலிபர், அவன் ஊரைத் தலைப்பில் போடுவதில்லை. அன்றிலிருந்து வாசிக்கும் செய்தியை முதலில் நான் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். இது தணிக்கை என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

2023 ஜனவரி கடைசியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் ஆட்களை விரட்டுகிற ஒரு வீடியோ ஓடியது. சில்லறைத் தகராறில் தொடங்கிய அடிதடி. அது தமிழ்நாட்டின் மீது படையெடுப்பு என்கிற அளவுக்குப் பேசப்பட்டது. ஐந்து வாரம் கழித்து எல்லாம் தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்திச் சேனல்களிலும் போன்களிலும் வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு அறிவித்தார். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகாரிலிருந்து நால்வர் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. வேறொரு வீடியோவைப் பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுத்திருக்கிறார்கள் என்று பீகார் போலீசே கண்டுபிடித்தது.

அதெல்லாம் வெளியே வருவதற்குள் என் வகுப்பில் ஐந்து பேரில் நான்கு பேர் இல்லை. ஹோலிக்குப் போகிறார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த வருஷம் ஹோலி மார்ச் 8, அதுவும் உண்மைதான். ஆனால் அவள் அப்பா ஹோலிக்காகப் போகவில்லை. போன் பண்ணிக் கேட்டேன். அரைகுறைத் தமிழும் இந்தியுமாகச் சொன்னார். ஊரிலிருந்து அவருடைய அம்மா அழுதுகொண்டே ஒரு நாளைக்கு எட்டு முறை கூப்பிடுகிறாராம். இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அவருக்கே தெரியும், அவர் கண்ணால் பார்க்கிறார். அம்மாவுக்கு என்ன சொல்வது? “மா டர் கயீ, மேடம்” என்றார். அம்மா பயந்துவிட்டாள். தன்பாத் வண்டியில் கிளம்பினார்கள்.

அந்த வாரம் ஒரு சேனலிலிருந்து பள்ளிக் கேட்டுக்கு வந்தார்கள். ‘எங்களுக்கு இங்கே பயமே இல்லை’ என்று ஒரு வடமாநிலப் பிள்ளை தமிழில் சொன்னால் போதும், நல்ல செய்திதானே டீச்சர் என்றார் அந்த நிருபர். சின்னப் பையன், மரியாதையாகத்தான் கேட்டார். மீதி இருந்த ஒரே ஒரு பையனை அவர் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பயமா இல்லையா என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேமரா வைத்துக் கேட்டால், கேட்ட பிறகுதான் அவனுக்குப் பயம் வரும்.

வடமாநிலத் தொழிலாளர் வருகையால் உள்ளூர்க்காரர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பீஸ் ரேட் ஏறாமல் நிற்பதைப் பற்றி என் அண்ணன் புலம்புவது பொய் இல்லை. ஆனால் ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கான சட்டம் சொன்னது. அதைச் சரியாக நடத்தியிருந்தால், குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. எந்த விவாத மேடையிலும் இந்தச் சட்டத்தின் பெயரை நான் கேட்டதில்லை.

2025 மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது, பல்லாவரம் பக்கம் கவுல் பஜார் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பீகார் தொழிலாளியின் மகள் தமிழில் 93, மொத்தம் 467 எடுத்திருந்தாள். மும்மொழிச் சண்டை சூடாக இருந்த நேரம். ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்திருக்கிறது என்று மாநில அரசு போராடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த வாட்ஸ்அப் பார்வேர்டுகளில் அந்தப் பெண் இரண்டு தரப்புக்கும் சாட்சியானாள். நான் அவள் தமிழாசிரியர் யார் என்றுதான் யோசித்தேன். அவளுக்கு ஒற்றைக் ககரத்தை எப்படிப் புரியவைத்தார் என்று கேட்க ஆசையாக இருந்தது.

நான் இருமொழிக் கொள்கையின் பக்கம்தான். 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் இங்கே படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தமிழ் படிக்க வேண்டும் என்கிறது. அதையும் முழு மனதோடு ஏற்கிறேன். அப்படியானால் தமிழ் தெரியாமல் வருகிற பிள்ளைக்கு அதைக் கற்றுக் கொடுப்பது நம் கடன். அதற்கென்று பழக்கிய ஓர் ஆசிரியர், அதற்கென்று எழுதிய ஒரு நூல், முதல் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் பொறுமை. தமிழ் வாழ்க என்று முழங்குகிற இடத்தில் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் காலை உணவு வந்தது. ஒடிசாவிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் ‘கிச்சடி’ என்று கேட்டதும் ஓடி வந்து தட்டை நீட்டினான். அவன் வீட்டில் அது அரிசியும் பருப்பும். இங்கே ரவை. ஒரு வாய் வைத்துவிட்டு ஆயாம்மாவைப் பார்த்தான், பிறகு சாப்பிட்டான். இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறான். அவனிடமிருந்து ஒடியாவில் சில சொற்களை நான் எழுதி வைத்துக்கொண்டேன். ‘கங்கை’யை அவனுக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அவள் நோட்டு என் பீரோவில் இருக்கிறது. நீண்ட நாள் வராததால், மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் அவள் பெயரை, எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பட்டியலான காமன் பூலுக்கு மாற்ற வேண்டி வந்தது. நான்தான் மாற்றினேன். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பள்ளி அவளைச் சேர்த்திருந்தால் அங்கிருந்து எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறந்ததும் அவள் எமிஸ் எண்ணைப் போட்டுத் தேடுகிறேன். போன ஜூனிலும் தேடினேன். காமன் பூலிலேயே இருக்கிறாள்.