தொங்குவிளக்கு மேசைக்கு வந்தாயிற்று, டிம்மர்தான் பாக்கி

சாப்பாட்டு மேசைக்கு நேர் நடுவில் விளக்கு தொங்குகிறது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டேன், ஒரு விரல் அகலம்கூடப் பிசகவில்லை. வீட்டில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. "எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்கிறார்கள். அதனால் பெருமையடித்துக்கொள்ள இங்கே வந்திருக்கிறேன்.

ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் இந்தத் தலைவலி தெரிந்ததுதான். கூரையில் பாயிண்ட் (விளக்குக்கான வயர் வெளியே வரும் இடம்) வைத்தவர் அறையின் நடுவைப் பார்த்து வைத்திருப்பார். மேசை எங்கே வரும் என்பது அவர் கவலை இல்லை. நாற்காலியை இழுத்து உட்காரவும், உட்கார்ந்தவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் இடிக்காமல் போகவும் மேசை ஓரத்திலிருந்து சுவர் வரை 90 செ.மீ. விட வேண்டும். அந்தக் கணக்கில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி மேசையைப் போட்டால், பாயிண்ட் மேசை நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது. "மேசையை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுட்டா வேலை முடிஞ்சது" என்றார் எலக்ட்ரீஷியன். தள்ளினால் சோபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவே நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க முடியும். விளக்குக்காக மனிதர்கள் வளைவதா? வயர் வளையட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, மேசைக்கு நேர் மேலே கூரையில் ஒரு கொக்கி. பாயிண்டிலிருந்து வயர் தொய்வாக வந்து, கொக்கியில் தொற்றி, அங்கிருந்து கீழே இறங்கும். படங்களில் பார்க்க ரொம்பச் சுலபம். அந்தத் தொய்வை அழகாக வரவைப்பதில்தான் என் உயிர் போனது.

முதலில் கணக்கு. ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவில் 20 செ.மீ. தொய்வு வேண்டுமென்றால் எவ்வளவு வயர் கூடுதலாக வேண்டும்? கேட்டால் எல்லோரும் அரை மீட்டர் என்கிறார்கள். உண்மையில் 10 செ.மீ. போதும். நம்பாதவர்கள் ஒரு கயிற்றை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். அரை மீட்டர் கூடுதலாக விட்டால் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு துவளும் கயிற்றுக்குத்தான் பொருந்தும். என் வயர் துவளவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மின்விசிறியிலிருந்து தொடங்க வேண்டும். ஹால் விசிறியின் காற்று மேசை வரைக்கும் வருகிறது. காகித ஷேடு மாதிரி எடை குறைந்த எதை மாட்டினாலும் ஊஞ்சல்தான், கூடவே மேசையின் நிழலெல்லாம் ஆடும். எனவே கனமான உலோக ஷேடு. உலோகம் என்றால் எர்த் கட்டாயம். எர்த் என்றால் மூன்று கோர் வயர், அதாவது உள்ளே மூன்று தனித்தனிக் கம்பிகள். மூன்று கோர், அதற்கு மேல் துணி உறை, எல்லாம் சேர்ந்தால் வயர் விறைப்பாகிவிடுகிறது. எங்கோ ஓடும் விசிறி, கடைசியில் வயரின் வளைவில் வந்து கை வைக்கிறது.

அந்த வயரை அனுப்பியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி சுற்றிய வயரைச் சுருளாகத்தான் அனுப்ப வேண்டும். வந்ததோ சட்டை மடிப்பது போல மடித்து, ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலம்! மடிப்பு விழுந்த இடமெல்லாம் முழங்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு முனையைக் கதவுக்கு மேலே கட்டி, மறு முனையில் கனம் தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டேன். முக்கால்வாசி சரியானது. மீதி மடிப்புகள் கொக்கிக்குக் கீழே வரும்படி அளந்து வைத்துக்கொண்டேன். அந்தப் பகுதியை ஷேடின் எடையே இழுத்து நேராக்கிவிடும்.

தொய்வு வரும் பகுதிக்கு மட்டும் எடையின் உதவி கிடையாது. அங்கே வயர் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் திருகிக்கொண்டு, கீழே தொங்காமல் சுவர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. எவ்வளவு கீழே இழுத்து விட்டாலும் திரும்பவும் சாய்ந்தது. பலன் தந்த வழி இதுதான்: அந்த ஒரு மீட்டரை மட்டும் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி வைத்து, வயருக்கு ஒரு பக்கமாக வளைந்த பழக்கத்தை ஏற்படுத்துவது. பிறகு மாட்டும்போது அந்த வளைவின் வயிறு தரையைப் பார்க்கும்படி திருப்பி, சீலிங் ரோஸில் (பாயிண்டை மூடும் கூரை மூடி) இறுக்குவது. விறைப்பை எதிர்த்து மல்லுக்கட்டாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டாயிற்று. மூன்று கோர் வயரோடு போராடுபவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள், வளைவு வரைந்து வைத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று. கொக்கியில் வயரைச் சும்மா தொற்றவிட்டால் ஷேடின் எடை தொய்வை மெதுவாகக் கீழே உருவிவிடும். காலையில் பார்த்தால் மேலே வயர் விறைப்பாக இருக்கும், விளக்கு 10 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். முடிச்சுப் போடாதீர்கள், உள்ளே கோர் நசுங்கும். திருகி இறுக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளாம்ப் கிடைக்கிறது, அதைக் கொக்கியை ஒட்டி, தொய்வு இருக்கும் பக்கம் போட்டால் போதும். ஹோல்டரிலும் எடையைத் தாங்க வேண்டியது வயர்ப்பிடிதான். உள்ளே செப்புக் கம்பி மாட்டியிருக்கும் திருகுகளில் பாரம் விழவே கூடாது.

நடுப்புள்ளி கண்டுபிடிப்பது வழக்கமான முறைதான், மேசையின் மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்டி, அவை வெட்டும் இடத்துக்கு மேலே கூரையிலிருந்து தூக்குக்குண்டு. லேசர் மட்டம் இரவல் கிடைத்தது. பகல் வெளிச்சத்தில் கோடே தெரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிரில் பிட்டில் ஒரு காகிதக் கப்பைக் குத்தி ஏற்றிக்கொண்டால் கான்கிரீட் தூள் கண்ணில் விழாது. கண்ணாடி போடுவது அப்போதும் தேவை. கூரைக்குள் போகும் வயர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று டிடெக்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துளையிட்டேன். உள்ளே இரும்புக் கம்பியும் தட்டவில்லை. தட்டியிருந்தால் மேசையைத்தான் இரண்டு செ.மீ. நகர்த்தியிருக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

உயரத்துக்கு எல்லோரும் சொல்வது மேசைப் பலகையிலிருந்து ஷேடின் அடிவிளிம்பு வரை 75 முதல் 90 செ.மீ. என் மேசை 90 செ.மீ. அகலம், ஷேடு 45 செ.மீ. விட்டம், அந்த விகிதம் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. ஷேடு வருவதற்கு முன்பே அதே விட்டத்தில் ஒரு அட்டை வட்டம் வெட்டி நூலில் தொங்கவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். 75-இல் நின்றது. எதிரில் இருப்பவர் முகமும் மறையக் கூடாது, பல்பும் கண்ணில் குத்தக் கூடாது. இரண்டாவது விஷயம் உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல, பல்பு ஷேடுக்குள் எவ்வளவு மேலே ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆழமில்லாத தட்டு ஷேடுகளை நான் தொடாததற்கு அதுதான் காரணம்.

பல்பு 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), சிஆர்ஐ (பொருள்களின் நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்ற அளவு) 90-க்கு மேல். பெட்டியில் வெறுமனே 'வார்ம் ஒயிட்' என்று மட்டும் அச்சடித்து விற்கும் கடைகளை என்ன சொல்வது? கெல்வின் எண் இல்லாத பல்பை நான் வாங்குவதில்லை. சோபா பக்கம் இன்னும் பழைய 6500 கெல்வின் டியூப்தான் எரிகிறது. ஒரே சுவர், ஒரே பெயிண்ட், ஒரு பாதி மஞ்சள், மறு பாதி நீலம். அதை மாற்றும் வரை ஹாலைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள்.

விளக்கு நடுவில் வந்ததும் வேறொரு தொல்லை. மேசை கொஞ்சம் நகர்ந்தால்கூட உடனே கண்ணில் படுகிறது. முன்பு யாருக்குத் தெரிந்தது? மேசைக் கால்களுக்கு அடியில் இருந்த ஃபெல்ட் ஒட்டுகளைப் பிய்த்துவிட்டு ரப்பர் ஒட்டினேன். இப்போது இடுப்பில் இடித்தாலும் அசைவதில்லை. நாற்காலிகளுக்கு ஃபெல்ட்தான், அவை வழுக்கத்தானே வேண்டும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இன்னும் வரவில்லை. பழைய சாதா பல்புக்கான டிம்மர் ஒன்று வீட்டில் கிடக்கிறது, எல்இடி அதில் கண் சிமிட்டுகிறது. எல்இடிக்கென்றே வரும் டிரெய்லிங் எட்ஜ் வகை வேண்டும், பல்பின் பெட்டியிலும் 'டிம்மபிள்' என்று இருக்க வேண்டும். என் பல்பில் இருக்கிறது. கொக்கியைச் சுற்றிப் பட்டி பார்க்கும் வேலையும் அப்படியே நிற்கிறது.

அதற்குள் சோபா பக்கம் தரையில் டேப் ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். விரிப்பு 200-க்கு 300 செ.மீ. போட்டால் சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறி நிற்கின்றன, 160-க்கு 230 என்றால் டீப்பாய் மட்டும் தனித்தீவு. பெரியதுதான் என்று மனம் சொல்கிறது, ஆனால் அதன் ஓரம் பால்கனிக் கதவு திறக்கும் வழியில் வருகிறது. கதவுக்கு அடியில் 12 மி.மீ. இடைவெளி இருக்கிறது. அதைவிடக் கனம் குறைந்த, முடி நீட்டாத விரிப்பு யாராவது போட்டிருந்தால், ஓரம் சுருண்டு எழும்புகிறதா என்று சொல்லுங்கள்.