தாள் கிழிக்காத கொப்பி

பழைய மாணவர் சங்க மலர்க்குழுவினர் பள்ளிக்காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதிச் சாப்பாடு என்று எத்தனையோ நினைவுக்கு வந்தன. அவற்றை என் வகுப்புத் தோழர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது எங்கள் தமிழ்ப் பண்டிதர் வைத்திருந்த ஒரு சட்டத்தைப் பற்றி. கட்டுரைக் கொப்பியில் தாள் கிழிக்கக் கூடாது. பல வருடம் கழித்து, பாதியில் நின்ற ஒரு நாவலை நான் முடித்தது அந்தச் சட்டத்தால்தான்.

எண்பது பக்கக் கொப்பி, நடுவில் நூல் தையல். எழுதியது பிடிக்கவில்லை என்று முன்பாதியில் ஒரு தாளைக் கிழித்தால், தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதன் சோடித் தாள் தளர்ந்துபோகும். இரண்டு மூன்று நாளில் அதுவும் கழன்று விழும். தவணை முடிவில் பண்டிதர் கொப்பிகளை வாங்கி நடுப்பக்கத்தை விரித்து, தையலோரமாக விரலால் தடவிப் பார்ப்பார். கிழித்தது தெரிந்தால் அடிக்க மாட்டார். விட்ட கட்டுரையை மறுபடி எழுதி முடித்துக்கொண்டு வரச் சொல்வார். "கூடாத கட்டுரை எண்டாலும் முடிவு இருக்கோணும் தம்பி. முடிச்சாப் பிறகுதான் எது கூடாதெண்டு தெரியும்" என்பார். அவரிடம் நான் படித்த இலக்கணத்தில் பாதி மறந்துபோயிற்று. இது மறக்கவில்லை.

1984இல் கணித ஆசிரியனாகச் சாம்பியாவுக்குப் போனேன். 1996இல் அங்கிருந்து தென்னாபிரிக்கா வந்து, டேர்பனுக்கு வடக்கே வெருலத்தில் குடியமர்ந்தேன். எங்கள் வீட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள்தான். பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சத் தவறுவதில்லை. தைப்பூசத்தில் காவடி எடுக்காத தெரு கிடையாது. நம்மைப்போல ஒரு தலைமுறைக்கு முன் வந்தவர்கள் அல்லர் இவர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டேர்பன் இருக்கும் நாட்டாலுக்கு வந்த 152,000 பேரின் வழித்தோன்றல்கள். அந்த 152,000 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அயல்வீட்டு இளைஞன் ஒருவனுக்குத் துணையாக வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி–லுத்துலி ஆவண நிலையத்துக்குப் போனேன். அவனுக்குத் தன் பாட்டனின் தந்தை எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரிய வேண்டும். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பிறகு உடலில் உள்ள அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, வலது புருவத்தில் மச்சம். ஒரு மனிதனின் வாழ்க்கையில் அரசாங்கம் எழுதி வைத்தது அவ்வளவுதான். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன். நாவல் அங்கேதான் பிறந்தது.

குப்பம்மா என்று ஒருத்தி. வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து புருசனோடு வருகிறாள். ஐந்து வருட ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். ஆண் கூலிக்கு முதல் வருடம் மாதம் 10 சிலிங், அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொரு சிலிங் கூடும். 1895இல் வந்த சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் புதிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்காமலும் இந்த மண்ணில் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்ட வேண்டும். 3 பவுண் என்றால் 60 சிலிங், முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். கணக்கு வாத்தியார் அல்லவா, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது என் கை நடுங்கியது. கதையை, அந்த வரியை எதிர்த்து இந்தியத் தொழிலாளர்கள் செய்த 1913 வேலைநிறுத்தத்துக்குக் கொண்டுபோய், மறு வருடம் வரி ஒழிந்ததோடு முடிப்பதாகத் திட்டம்.

பாதிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

நாவல் எழுதத் தொடங்கிய நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் கதைக்கும்போது மெல்லச் சொல்வார்கள். அவர்களுக்காக இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கைவிட வேண்டும் என்ற எண்ணம் சோம்பல் முகத்தோடு வராது. மிக மரியாதையான முகத்தோடு வரும். "இன்னும் நாலு புத்தகம் வாசித்துவிட்டு எழுது, வரலாறு பிழையாகிவிடக் கூடாது" என்று சொல்லும். வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குப்பம்மா சிறுத்துக்கொண்டே போனாள். பிறகு அது "முதல் அத்தியாயம் சரியில்லை, அதைத் திருத்திவிட்டு மேலே போ" என்று சொல்லும். மூன்றாவது முகம்தான் மிகப் பொல்லாதது. புதிய கதை ஒன்று மனதில் பளிச்சென்று வந்து நிற்கும். சாம்பியாச் செப்புச் சுரங்க நகரத்தில் ஒரு தமிழ் வாத்தியாரின் கதை! எவ்வளவு அழகாகத் தெரிந்தது. இன்னும் எழுதத் தொடங்காததால் வந்த அழகு அது. அதையும் தொடங்கியிருந்தால் அதன் நடுவிலும் இதே சேற்றில்தான் நின்றிருப்பேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கதைக்கு ஆறு வரி எழுதி மூடி வைத்தேன்.

ரொபேர்ட் லூயி ஸ்டீவன்சனை நம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாசிப்புப் புத்தகமாகப் படித்தோம், ஞாபகம் இருக்கும். அந்தப் புதையல் தீவுக் கதையை அவர் 1881இல் ஸ்கொட்லாந்தில் பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம் எழுதினார். பதினாறாவதன் தொடக்கத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு தடவை நாவல் எழுத முயன்று ஒன்றையும் முடித்ததில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்போது வயது 31. இந்த முறை சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்று கதையை ஏற்றுக்கொண்டு அச்சுக்கு எடுத்திருந்தது. விட்டுவிட வழியில்லை. குளிர்காலத்துக்குச் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் போனவர் அங்கே ஒரு காலை உட்கார்ந்தார். மறுபடி நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்தது. அந்தப் பதினாறாவது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அதுவரை சிறுவன் சொல்லிவந்த கதையை அங்கே வைத்தியர் சொல்லத் தொடங்குகிறார். அடைபட்ட இடத்திலேயே ஸ்டீவன்சன் கதை சொல்லும் குரலை மாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு வாரப் பத்திரிகை ஏது? எனக்குக் கிடைத்தது அடுத்த வீட்டு ஆயா. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதைத் தாண்டியவர். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேசுவது மட்டும் அவருடைய ஆயா பேசிய வட ஆற்காட்டுத் தமிழ். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "படிச்சிக் காட்டு வாத்தியாரே" என்றார். ஞாயிறு மாலை, அவர் வீட்டு விறாந்தை. கரும்பு வெட்டுக் காலத்தில் தோட்டங்களுக்கு நெருப்பு வைப்பார்கள். கருகிய தோகைத் துணுக்குகள் காற்றில் வந்து நான் வாசிக்கும் தாளில் விழும். ஊதினால் போகும், துடைத்தால் கோடாக இழுபடும். என் கையெழுத்துப் பிரதியில் அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

நின்றுபோன இடத்துக்கு வந்தோம். 1913 நவம்பர். வேலைநிறுத்தம் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடகரைத் தோட்டங்களுக்குப் பரவுகிறது. மவுண்ட் எட்ஜ்கம்பில் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போகின்றன. குப்பம்மா ஊர்வலத்தின் முன்னால் நடக்கிறாள். அவளை நடக்க வைப்பதற்கு எத்தனை பக்கம் எழுதினாலும் அவள் வாயில் மேடைப் பேச்சுத்தான் வந்தது. அதை அப்படியே வாசித்தேன். ஆயா குறுக்கிட்டார்.

"இவ ஊர்கோலம் போய்ட்டா, மாட்ட யாரு பாத்துக்கிட்டா?"

எட்டாம் அத்தியாயத்தில் குப்பம்மா கூலிக் காசு சேர்த்து ஒரு பசு வாங்கியிருந்தாள். நான் அதை மறந்தே போயிருந்தேன், ஆயா மறக்கவில்லை. "மாட்ட வுட்டுட்டு அவ எங்கியும் போவமாட்டா. புருசன் போவட்டும்" என்று முடிவாகச் சொன்னார்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். ஆட்கள் போய் வெறிச்சோடிய கூலி லயத்தில் ஒரு பெண்ணும் ஒரு பசுவும். தூரத்தில் வெடிச் சத்தம். யார் திரும்பி வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாத இரவு. கன்றுக்கு விடும் பாலைக் குறைத்து, அயல் லயத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறாள். எனக்குத் தெரியாத ஊர்வலத்தை விட்டுவிட்டு, எனக்கும் ஆயாவுக்கும் நன்றாகத் தெரிந்த மாட்டுக் கொட்டிலுக்குள் கதை வந்ததும் குப்பம்மா வாய் திறந்தாள். புத்தகத்தில் மிக நல்ல அத்தியாயம் அதுதான் என்று வாசித்தவர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதே எண்ணம்.

அதன்பின் நிற்காமல் ஓடியது என்று சொல்ல மாட்டேன். பிடிக்காத பக்கங்கள் நிறைய வந்தன. தாள் கிழிக்கவில்லை. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். முழுதும் முடிந்து திருப்பி வாசித்தபோது அந்தச் சிவப்புக் கோடுகளில் பாதிக்கு மேல் தேவையில்லாதவை. நடுவில் சப்பென்று தோன்றிய பக்கம், முடிவு தெரிந்தபின் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. மீதியை வெட்டுவதும் லேசாக இருந்தது. எதற்காக வெட்டுகிறேன் என்று அப்போது தெரிந்தது. பண்டிதர் சொன்னது கட்டுரைக்கு மட்டுமில்லை என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

பாரதியார் 'சந்திரிகையின் கதை'யை முடிக்காமலே 1921 செப்டம்பரில் போய்விட்டார். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் மட்டும், நாட்டை விட்டு வந்த கதையைப் பாதி எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் எழுதாவிட்டால் அவர்களைப் பற்றியும் குடிவரவுக் கோப்பில் இலக்கமும் பெயரும் மட்டும்தான் மிஞ்சும்.

ஆயா இப்போது இல்லை. கடைசி அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனார். ஞாயிறு மாலை நான்கு மணி எனக்கு இன்னும் ஓய்வாகத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு ஏழரை. கோடைகாலத்தில் இலண்டனில் பிற்பகல் மூன்று, ரொறன்ரோவில் காலை பத்து. என் தொலைபேசி இலக்கம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. நின்றுபோன அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வாசியுங்கள், நான் கேட்கிறேன். திருத்தம் சொல்ல மாட்டேன். அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று மட்டும் கேட்பேன், அடுத்த ஞாயிறும் காத்திருப்பேன்.