ஆறு நிமிடம் தாண்டினால் சிவப்பு

ஒரு காலத்தில் கால் சென்டரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அழைப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டினால் எண் சிவப்பாகிவிடும், அதே நொடியில் டீம் லீடரின் திரையிலும் என் பெயர் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நிற்பார், அவ்வளவுதான்.

ஆறு நிமிடத்தில் தீராத பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து சீட்காரர் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். "அஞ்சரை ஆச்சுன்னா ஒரு புகார் நம்பர் குடுத்துடு, 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டு வெச்சுடு." யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் வாடிக்கையாளரே கூப்பிடுவார், முன்னைவிடக் கோபமாக, வேறு யாரிடமோ, முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்வார். கணக்கில் அது இரண்டு அழைப்பு, இரண்டுமே ஆறு நிமிடத்துக்குள். மாதக் கடைசியில் பச்சைப் பசேலென்று ரிப்போர்ட் மேலே போகும்.

இதை எங்கள் நேர்மைக் குறைவு என்று சொன்னால் மறுக்க மாட்டேன், அன்றைக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டார்கெட் நெருக்கும்போது எங்கேயும் இதுதான் நடக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டு சேவைகளைக் கட்ட வேண்டும் என்று விரட்டியதில், ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்துவைத்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அந்தச் சில வருடங்களில் வங்கி வேலையை விட்டு அனுப்பியவர்கள் சுமார் 5,300 பேர். இத்தனை பேரும் பிறவி மோசடிக்காரர்களாகவா இருந்திருப்பார்கள்?

எங்கள் டீமில் ஒருவர் இருந்தார், எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான்கு வருட அனுபவம். பில்லில் ஒரே தொகை இரண்டு முறை விழுந்தால் எந்தத் திரையில் போய் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், கையேட்டில் அது கிடையாது. நாங்கள் திணறும்போது தன் அழைப்பை ஹோல்டில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "மூணாவது டேப், கீழ போ" என்பார். தங்கையின் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் ஷிஃப்டில் ஆள் இல்லை என்று கேன்சல் செய்தார்கள். அக்கா சண்டை போடவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனார், திரும்பி வந்த அன்றே பேப்பர் போட்டார். எக்ஸிட் இன்டர்வியூவில் 'இதைவிட நல்ல வாய்ப்பு' என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறோம், அனுபவச் சான்றிதழ் கைக்கு வர வேண்டுமே! எச்ஆர் எக்ஸெல்லில் அது 'சம்பளம்' என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் போன பிறகு மூன்று நிமிட வேலை இருபது நிமிடம் ஆனது. புதிதாக வந்தவர்களுக்கு எங்களைக் கேட்டால்தான் வழி, எங்களுக்கோ அரைகுறையாகத்தான் தெரியும், கடிகாரம் வேறு சிவந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதத்துக்குள் இன்னும் இரண்டு பேர் கிளம்பினார்கள். 'இந்தக் காலத்துப் பசங்க நிலைச்சு நிக்க மாட்டேங்கறாங்க' என்று மீட்டிங்கில் ஒருவர் வருத்தப்பட்டார்.

ஆட்கள்தான் பிரச்சினை என்று யார் சொன்னாலும் எனக்கு அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் தொழிற்சாலை நினைவுக்கு வரும். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982-இல் மூடியபோது அங்கே ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் சகஜம். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன, நிர்வாகம் டொயோட்டாவின் கையில். பழைய ஆட்களில் பெரும்பாலோரையே திரும்ப எடுத்தார்கள். முன்பு என்ன ஆனாலும் கார்கள் நகர்ந்துகொண்டே உருவாகும் வரிசையை நிறுத்தக் கூடாது, இப்போது தவறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து ஆள் கூப்பிடலாம், தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். வேலைக்கு வராதவர்கள் சில சதவீதமாகச் சுருங்கிவிட்டார்கள், தரமும் ஏறியது.

எங்களுக்கும் ஒரு கயிறு கிடைத்தது, எட்டு மாதத்துக்கு. புதிதாக வந்த டீம் லீடர் முதல் நாள் முழுக்க என் பக்கத்தில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்டார். அடுத்த வாரம், ஒரு சிறிய தொகை வரைக்கும் யாரிடமும் கேட்காமல் நாங்களே பணத்தைத் திருப்பித் தரலாம் என்று மேலே பேசி வாங்கிக் கொடுத்தார். (ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஊழியர் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை தானே முடிவெடுத்துச் செலவழிக்கலாம். எங்களுடையது அதற்குப் பக்கத்தில்கூட வராது.) கடிகாரத்தை எடுக்க அவருக்கு அதிகாரமில்லை, ஆனால் சிவந்தால் பின்னால் வந்து நிற்பதை நிறுத்திவிட்டார். எனக்கு நினைவிருக்கும் முதல் அழைப்பு பதினோரு நிமிடம் போனது. ஒரு பெரியவர், மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார், பேச ஆரம்பிக்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. பணம் திரும்ப வந்துவிடும், நானே போட்டுவிட்டேன் என்றதும் எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம், "அவ்ளோதானா?" என்றார். அந்த எட்டு மாதத்தில் எங்கள் டீமிலிருந்து ஒருவரும் போகவில்லை.

அந்த டீம் லீடருக்குப் பதவி உயர்வு வந்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவர் முதல் மின்னஞ்சலிலேயே, எந்தத் தொகையாக இருந்தாலும் தன் ஒப்புதல் இல்லாமல் திருப்பித் தரக் கூடாது என்று எழுதினார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நானும் பேப்பர் போட்டேன். எக்ஸிட் படிவத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில் 'இதைவிட நல்ல வாய்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.