படத்திருத்த மென்பொருளை இயக்கும் ஏஐ ஏஜென்ட்டுக்கு ஆவணம் எழுதப் பழகிய அனுபவம்

ஜிம்ப், ஃபோட்டோஷாப் போன்ற படத்திருத்த மென்பொருள்களை ஏஐ ஏஜென்ட்கள் (சொன்ன பணியைத் தாமே படிப்படியாகச் செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) இயக்க உதவும் கருவிகளுக்கு ஆவணம் எழுதும் பணியை ஏற்றபோது, மனிதர்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதிய பழக்கம் மட்டுமே என்னிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் பாதி இங்கே செல்லாது என்பது பிடிபடச் சில மாதங்கள் ஆயின. இப்போது இப்பணிக்கு வருபவர்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றே, நான் படித்தவற்றையும் இடறிய இடங்களையும் எழுதுகிறேன்.

முதலில் படிக்க வேண்டியது, ஏஜென்ட்களை வெளிக்கருவிகளுடன் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். இத்தகைய கருவிகள் பலவும் இதன் வழியாகவே ஏஜென்ட்டுடன் பேசுகின்றன. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் பெயரையும் வகையையும் வரையறுக்கும் ஒரு ஜேசன் ஸ்கீமா ஆகியவை உண்டு. நிரலாளர்கள் கடைசி நேரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும் அந்த விளக்கத்தைப் படித்துத்தான், எந்தக் கருவியை அழைப்பது என்பதை ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாடல் முடிவு செய்கிறது. பட்டியையும் படவுருவையும் கண்ணால் பார்த்துத் தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வானத்துண்டின் மூலம். ஜிம்ப்பில் ‘ஜிம்ப்-இமேஜ்-ரீசைஸ்’ என்றொரு செயல்முறை (நிரலிலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் கட்டளை) இருக்கிறது. அதைச் சுற்றி எழுதப்பட்ட கருவிக்கு, “படத்தின் அளவை மாற்றும்” என்று விளக்கம் எழுதியிருந்தேன். 4000-க்கு 3000 பிக்சல் கொண்ட ஒரு புகைப்படத்தை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கச் சொன்னபோது, ஏஜென்ட் இந்தக் கருவியை 800, 600 என்ற மதிப்புகளுடன் அழைத்தது. பிழைச் செய்தி எதுவும் வராததால், வேலை முடிந்தது என்று அறிவித்தது. கோப்பைத் திறந்து பார்த்தால், மூலப்படத்தின் இடது மேல் மூலையில் இருந்த வெறும் நீலவானம் மட்டும் 800-க்கு 600 அளவில் இருந்தது. அந்தச் செயல்முறை மாற்றுவது கேன்வாஸின், அதாவது படம் அமரும் பரப்பின், எல்லையை மட்டுமே. பிக்சல்களைச் சுருக்குவது ‘ஜிம்ப்-இமேஜ்-ஸ்கேல்’ என்ற வேறொன்று. ஃபோட்டோஷாப்பின் கட்டளைகளில் ‘ரீசைஸ்இமேஜ்’, ‘ரீசைஸ்கேன்வாஸ்’ என்று பெயரிலேயே வேறுபாடு தெரிவதால், அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு.

பிறகு அந்த விளக்கத்தை இப்படி மாற்றினேன்: “கேன்வாஸின் எல்லையை மட்டும் மாற்றும், படத்தைச் சுருக்கவோ பெரிதாக்கவோ செய்யாது. படத்தைச் சுருக்க ஸ்கேல் கருவியை அழைக்கவும். நகர்வு மதிப்புகள் 0 எனில், சிறிய கேன்வாஸில் இடது மேல் பகுதி மட்டுமே எஞ்சும்.” கருவி என்ன செய்யும் என்பதைவிட, எதற்கு அதை அழைக்கக்கூடாது என்று எழுதிய வாக்கியமே அதிகம் பயன்பட்டது.

அலகுகள் அடுத்த பள்ளம். ஜேபெக் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்ப் 2.10-இன் உரையாடல் பெட்டியில் அது 0 முதல் 100 வரை. அதே பதிப்பின் ஸ்கிரிப்ட் வழியாக அழைத்தால் 0 முதல் 1 வரை. ஃபோட்டோஷாப்பின் ஸ்கிரிப்டில் 0 முதல் 12 வரை. ‘தரம்: எண்’ என்று ஸ்கீமாவில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர், மூன்றில் எதை ஏஜென்ட் ஊகிக்கும் என்று தாமே ஊகிக்க வேண்டியிருக்கும். குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு, ஒரு மாதிரி மதிப்பு ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

பதிப்பு எண்ணையும் விடாதீர்கள். 2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வெளியானபோது ‘ஃபைல்-பிஎன்ஜி-சேவ்’ என்பது ‘ஃபைல்-பிஎன்ஜி-எக்ஸ்போர்ட்’ ஆனது. பைத்தான் 2-இல் எழுதிய பழைய ஸ்கிரிப்டுகள் ஓடாமல் போயின. பல ஆண்டுப் பழைய நிரல்களைப் படித்து வளர்ந்த மாடல், பழைய பெயரையே நம்பிக்கையோடு அழைக்கும். எனவே புதிய பெயருடன், இது எந்தப் பழைய பெயருக்கு மாற்று என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது நல்லது. செயல்முறைகளின் பட்டியலைக் காட்டும், ஜிம்ப்பிலேயே உள்ள புரொசீஜர் பிரவுசரைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்பதை நான் தாமதமாகவே வழக்கமாக்கினேன்.

கருவி திருப்பித் தரும் விடையையும் ஆவணத்தின் பகுதியாகவே கருத வேண்டும். ‘வெற்றி’ என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது. மாற்றத்துக்குப் பிந்தைய அகலம், உயரம், தேர்விலுள்ள லேயரின் அடையாள எண் ஆகியவற்றைத் தரச் செய்யுங்கள்; முடிந்தால் ஒரு சிறு முன்னோட்டப் படத்தையும் சேர்க்கலாம், புரோட்டோகால் அதற்கு இடம் தருகிறது. என் வானத்துண்டுப் படத்தில் அகலமும் உயரமும் சரியாகவே இருந்தன என்பதை நினைத்தால், முன்னோட்டத்தின் தேவை விளங்கும்.

பாதுகாப்புக் குறிப்பைச் சிலர் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளி நிரல்களிடமிருந்து கட்டளைகளை வாங்கி இயக்கும் ஜிம்ப்பின் ஸ்கிரிப்ட்-ஃபூ சர்வர் இயல்பாக 10008 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது, கடவுச்சொல் கேட்பதில்லை. அதே கணினியிலிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் அதை இயக்கவேண்டும் என்பது நிறுவும் படிகளிலேயே இடம்பெற வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்பின் மீது எழுதும் கருவிகளுக்கு, ‘இது இருப்பதை அழிக்கக்கூடும்’ என்று தெரிவிக்கும் அழிவுக் குறிப்பையும் (புரோட்டோகாலில் இதற்கென ஓர் இடம் உண்டு) இடுங்கள். ஆனால் அது வெறும் குறிப்புதான், தடுப்பு அன்று.

எழுதி முடித்ததைச் சோதிக்க நான் கண்ட நேர்மையான வழி, முந்தைய உரையாடல் எதுவும் அறியாத ஓர் ஏஜென்ட்டிடம் கருவிப் பட்டியலை மட்டும் கொடுத்து, குறித்துவைத்த சில பணிகளைச் செய்யச் சொல்வது. அது தடுமாறும் இடத்தில் மாடலைக் குறை சொல்லத் தோன்றும். முதலில் விளக்கத்தைத் திருத்திப் பாருங்கள். எங்கள் பட்டியலில் எந்த விளக்கம் மாறினாலும் முதலில் ஓட்டுவது, அந்த 4000-க்கு 3000 புகைப்படத்தை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும் பணியைத்தான்.